கைதட்டுத் தெருவின் புதுப் பலகை

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பறந்த தட்டு, சுவரில் மோதி நெளிந்து, இன்னமும் சமையலறை மூலையில்தான் கிடக்கிறது. அதைக் குனிந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடுத்தால் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடுமே! வீசியவள் மூத்தவள். வீசியது தம்பியின் மேல். குறி தப்பிவிட்டதே என்று அவளுக்கு இன்றுவரை வருத்தம்.

பின்னே, அவன் செய்த காரியம் அப்படி. நாடகக் கொட்டகைகளும் சினிமாக்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற அந்தத் தெருவுக்குக் கைதட்டுத் தெரு என்று பெயர். ஒரு கொட்டகையில் விழும் கைதட்டல் அடுத்த கொட்டகை வரை கேட்கும். அங்கே நடித்துக்கொண்டிருப்பவனுக்கு வயிறு எரியும். அப்படி வந்த பெயர் அது, எந்த அதிகாரியும் வைத்ததில்லை. கொட்டகைகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டத் தெருவை மொத்தமாக வளைத்துப் போட்ட கம்பெனி இப்போது அதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்பிளெண்டோரா ஸ்கொயர்.

"பல்செட் வெச்சவன் சொன்னா செட்டு முன்னால வந்து விழும்" என்றார் ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர். அவரே பல்செட் வைத்தவர்தான்.

அந்தப் பெயர் எழுதிய பலகையின் துணியை விலக்கி, அதை மைக்கில் முதன்முதலாகச் சொல்லப் போவது தன் அம்மாதான் என்று, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான் தம்பி. கம்பெனியில் அவனுக்கு விழா ஏற்பாட்டு வேலை. கழுத்தில் ஒரு அட்டை, கையில் இரண்டு ஃபோன். தட்டு பறக்காமல் வேறென்ன பறக்கும்?

அந்த விழா இன்று சாயங்காலம்.

காலையிலேயே வந்துவிட்டான் தம்பி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் அக்காவைத் தேடினான். கையில் தட்டு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வந்தான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். தெருவே அவளைச் சிரிப்பம்மா என்றுதான் கூப்பிடும். பெரிய கொட்டகையில் அவள் மேடையேறினால் டிக்கெட் கிழிப்பவர்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். கால் வலி வந்து மேடையை விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆனால் தெருவில் அவள் வாக்கு இன்னும் வாக்குத்தான்.

"அம்மா, ஒரு தடவை சொல்லிப் பார்த்துடலாமா?" என்றான் தம்பி, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில்.

"சொல்லு."

"ஸ்பிளெண்டோரா ஸ்கொயர்."

"சிலிண்டரா ஸ்கொயர்."

"ஸ்பி... ளெண்... டோரா."

"ஸ்பெண்டு... என்னடா அது, செலவு பண்ணுன்னு பேரு வெச்சிருக்காங்களா?"

"அம்மா, விளையாடாதம்மா."

மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா விளையாடுகிறாளா, இல்லை, நிஜமாகவே நாக்கில் நிற்கவில்லையா? கொஞ்ச நாளாகவே அவளுக்குள் இந்தச் சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. போன வாரம் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அம்மா வீடு முழுக்கத் தேடினாள். மருந்துக் கடைக்காரரிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாள். எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் பயம் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டால், அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடும்.

"வரேன்னு சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டாள். "நிஜமாவே போகப் போறியா?"

"போகலாம்னு இருக்கேன்."

"போய் அந்தப் பேரைச் சொல்லப் போறியா?"

"மைக்கைக் குடுத்தா ஏதாவது சொல்லித்தானே ஆகணும்" என்று சொல்லி அம்மா சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

மூத்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தம்பியின் சட்டையைப் பிடிக்காத குறையாக மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா என்ன, உங்க கம்பெனியோட ஷோகேஸ் பொம்மையாடா?"

"மெதுவா பேசுக்கா."

"மெதுவா பேசறதுதான்டா என் வேலை. வீட்லயாவது கத்தறேன். கடைச் சாவியைக் கம்பெனிக்குக் குடுக்காம அத்தனை கடைக்காரங்களும் யாரைப் பார்த்துட்டு நிக்கறாங்க? அம்மாவைத்தானே? அம்மா வாயால அந்தப் பேர் வந்துட்டா, மறுநிமிஷம் எல்லாரும் சாவியை நீட்டிடுவாங்க. அது தெரிஞ்சுதானே கூட்டிட்டுப் போற?"

"தெரிஞ்சுதான்" என்றான் தம்பி. அவன் ஒளிக்கவில்லை. "நீ கொட்டகைக் கூரையைப் பார்த்தியாக்கா? மழை வந்தா ஜனங்க குடையைப் பிடிச்சிட்டு நாடகம் பார்க்கறாங்க. அந்த ஜனமும் விரல் விட்டு எண்ணற அளவுதான். நான் சின்ன வயசுல அந்த வரிசை நடுவுல சோடா வித்தவன். எனக்கு வலிக்காதா? ஆனா அம்மாவுக்கு லிஃப்ட் வெச்ச வீடு தரேன்னு சொல்றாங்க. இந்த மாடிப்படியில அவ எத்தனை நாள் ஏறுவா?"

"அம்மா முழங்காலைக் காட்டித் தெருவையே விக்கறியேடா!"

"நீ மட்டும் என்ன? அம்மா முகத்தைக் காட்டித்தானே தெருவை நிறுத்தி வெச்சிருக்க?"

பதில் இல்லாதபோது கோபம் இரண்டு மடங்காகும் என்பது மூத்தவளின் ராசி. படியில் இருந்த காலி வாளியை ஓர் உதை விட்டாள். அது கடகடவென்று உருண்டு கீழ்வீட்டு வாசல் வரை போய் நின்றது. கீழ்வீட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். இந்தக் குடும்பத்துச் சத்தம் பழகிப்போனவள், வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் கொட்டகை வாசலில் கடைக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர், விக் கடைக்காரர், பாப்கார்ன் விற்கும் அக்காள். கம்பெனி இவர்களுக்கும் இடம் தருகிறதாம். தரைக்குக் கீழே, கார் நிறுத்துகிற தளத்துக்குப் பக்கத்தில், கைக்குட்டை விரித்தாற்போல ஆளுக்கொரு பெட்டி. அதற்கு 'பாரம்பரிய மூலை' என்று பெயர் வேறு. கழுத்தை அறுத்துவிட்டு அதில் மாலை போடுவார்கள் போலிருக்கிறது.

"சிரிப்பம்மா என்ன முடிவு பண்ணியிருக்காங்க?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர். "அவங்க முடியாதுன்னா நாங்களும் முடியாது. அவங்க சரின்னுட்டா, அப்புறம் யாரை நம்பி நாங்க நிக்கறது?"

மூத்தவள் வாயைத் திறந்தாள், மூடினாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் வசனத்தை எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். மேடையின் ஓரத்தில், பக்கத்திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, நடிகர் தடுமாறும் அந்த அரை நொடியில் அடுத்த வார்த்தையை வீசுவாள். மேடையில் நிற்பவருக்குக் கேட்கும், முதல் வரிசைக்குக் கேட்காது. அப்படி ஒரு குரல். அரசன் வேஷக்காரர் குடித்துவிட்டு வந்த நாளில் மொத்த நாடகத்தையும் அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு மட்டும் தனிச் சட்டம். "நான் நிறுத்தினா நீ மூச்சுகூட விடக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சிரிப்பு வசனத்துக்கு முன்னால் அம்மா ஒரு நிறுத்தம் நிறுத்துவாள். கொட்டகையே நாற்காலி நுனிக்கு வரும். அந்த நிறுத்தத்தில்தான் அவள் சோறு இருந்தது. நிஜமாகவே மறந்துபோனால் பக்கத்திரைப் பக்கம் அரை அடி நகருவாள். அதுதான் அடையாளம்.

"அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தாள் மூத்தவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். வீட்டு வாசலில் கம்பெனிக் காருக்குள் அம்மாவின் உடுப்புப் பை ஏறிக்கொண்டிருந்ததை எல்லோருமே பார்த்தார்கள்.

சாயங்காலம் தெருவின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய விளம்பரத் தாள்களைச் சுரண்டி, வெள்ளையடித்து, அதன் மேல் பெரிய பலகையை மாட்டி, வெள்ளித் துணியால் மூடியிருந்தார்கள். முன் வரிசையில் சோஃபாக்கள். கடைக்காரர்களுக்குக் கயிறு கட்டிய தடுப்புக்குப் பின்னால் நிற்க இடம். அவரவர் கடை வாசலிலேயே அவரவர் தடுப்புக்குப் பின்னால்!

மூத்தவள் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்று முறைப்பது என்றுதான் வந்தாள். அம்மா விடவில்லை.

"நீ ஓரத்துல வந்து நில்லு. நீ இல்லாம நான் மேடை ஏறினதில்ல."

"அந்தப் பேரைச் சொல்றதுக்கு நான் ஏம்மா துணை?"

"நில்லுடின்னா நில்லு" என்றாள் அம்மா. அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மூத்தவள் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில் போய் நின்றாள். எந்த மேடையானாலும் அவளுக்கென்று எழுதி வைத்த இடம் அதுதான் போலிருக்கிறது.

முதலில் கம்பெனித் தலைவர் பேசினார். "இந்த இடத்துக்குன்னு இதுவரைக்கும் ஒரு அடையாளமே இல்லாம இருந்தது. நாங்க அதைக் கொடுக்க வந்திருக்கோம்" என்றார். அடையாளம் இல்லையாம்! நடிகராக இருந்த அப்பா வேஷத்தைக் கலைக்காமலேயே இந்தத் தெருவில்தான் மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். பொம்மைக் கிரீடத்தோடு ஒருவர் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத தெரு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? மூத்தவள் அந்தத் தலைவரை மேடையிலிருந்து இழுத்துக் கீழே போட்டால் என்ன என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள்.

பிறகு தம்பி அம்மாவின் கையைப் பிடித்து மேலே அழைத்து வந்தான். கயிற்றுக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. பாப்கார்ன் அக்காள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர் அசையவில்லை.

அம்மா மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் சௌக்கியமா?" என்றாள். கயிற்றுப் பக்கம் பார்த்துத்தான் கேட்டாள். "சோஃபா போட்டிருக்காங்களே, யாரும் தூங்கிடாதீங்க. நான் இருந்தப்போ இந்தத் தெருவுல தூங்கினவங்களே கிடையாது."

கயிற்றுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது. சோஃபாவிலும் சிலர் சிரித்தார்கள். அம்மாவின் குரல் அப்படியே இருந்தது. கோபத்தையும் மீறி மூத்தவளும் சிரித்துவிட்டாள்.

"துணியை விலக்கிப் பேரைச் சொல்லணும்னு கூப்பிட்டிருக்காங்க" என்றாள் அம்மா, துணியில் கட்டிய கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு. "பேரு ரொம்ப நல்ல பேரு. இந்தத் தெருவோட பேரு..."

நிறுத்தினாள்.

மூத்தவள் அம்மாவின் கால்களைப் பார்த்தாள். கால் நகரவில்லை. இது நிறுத்தம்தான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்தம் நீண்டது. எப்போதும் நீளுவதைவிட நீண்டது. அம்மாவின் கண் எங்கோ தூரத்தில் இருந்தது. காலையில் சிலிண்டரா என்று சொன்னாளே! மூக்குக்கண்ணாடியைத் தேடினாளே!

மேடைக்குக் கீழே கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் இன்னொருவனிடம் சிரித்தான். "கிழவிக்கு மறந்துபோச்சுடா."

அது மூத்தவளின் காதில் விழுந்தது. விழுந்த இடத்தில் பற்றிக்கொண்டது. என் அம்மாவைப் பார்த்து இவன் சிரிப்பதா? இந்தத் தெருவில், இத்தனை பேருக்கு முன்னால், அவள் வார்த்தை வராமல் விழித்துக்கொண்டு நிற்பதா? அவள் யோசிக்கவில்லை. யோசித்து எடுத்துக் கொடுத்தால் அது எடுத்துக் கொடுப்பதே இல்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"ஸ்பிளெண்டோரா ஸ்கொயர்."

மேடைக்கு மட்டும் கேட்கும் குரல். முதல் வரிசைக்குக் கேட்காத குரல்.

"ஸ்பிளெண்டோரா ஸ்கொயர்" என்றாள் அம்மா மைக்கில்.

அவ்வளவு திருத்தமாக அந்தப் பெயரைக் கம்பெனித் தலைவர்கூடச் சொன்னதில்லை. தம்பி உடனே கயிற்றைப் பிடித்து இழுத்தான். துணி விழுந்தது. காதைக் கிழிக்கும் இசை, மேலிருந்து வண்ணத் தாள்கள், சோஃபாக்காரர்களின் கைதட்டல். அம்மா மறுபடி மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் தலைவர் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கயிற்றுக்குப் பின்னால் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. ஸ்டூடியோக்காரர் தடுப்பைத் தூக்கிக்கொண்டு குனிந்து வந்தார். பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேடையின் விளிம்பில், அம்மாவின் காலடிக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் விக் கடைக்காரர் வந்தார். அப்புறம் பாப்கார்ன் அக்காள். அவள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்களை நம்பினோமேம்மா."

தம்பி ஓரத்துக்கு ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீ எடுத்துக் குடுத்தது எனக்குக் கேட்டுச்சு. மானத்தைக் காப்பாத்திட்ட. தேங்க்ஸ்க்கா."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. கையை உதறிக்கொண்டு அம்மாவைத் தேடினாள். அம்மா மேடையை விட்டு இறங்கி, யாருடைய கையையும் பிடிக்காமல், கொட்டகையின் பக்கவாட்டுச் சந்தில் போய்க்கொண்டிருந்தாள். நடிகர்கள் வந்து போகிற பின்கதவு அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

"அம்மா! நில்லும்மா. கால் வலிக்கப் போகுது."

அம்மா நின்றாள். திரும்பினாள். மூத்தவள் அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா கோபப்பட்டால் கத்துவாள், சாமானைத் தூக்கி எறிவாள். அந்தக் குணம் மூத்தவளுக்கு வந்ததே அங்கிருந்துதான். இந்த முகத்தில் சத்தமே இல்லை.

"பரவாயில்லம்மா" என்றாள் மூத்தவள் அவசரமாக. "மறக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான். அந்தப் பேரும் ஒரு பேரா?"

"மறந்துச்சுன்னு யாருடி சொன்னா?"

"நீ நிறுத்தினியே..."

"நிறுத்தினேன். நிறுத்தறது வேற, மறக்கறது வேறன்னு உனக்கு நான் இன்னைக்கா சொல்லித் தரணும்?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கைதட்டுத் தெருன்னு சொல்ல இருந்தேன்டி. இது கைதட்டுத் தெரு, உங்க பலகையைக் கழட்டி எடுத்துட்டுப் போங்கடான்னு அந்த மைக்லயே சொல்ல இருந்தேன். அதுக்குத்தான் இவன் கூப்பிட்டதும் சரின்னேன். அவங்களே மேடை போட்டு, அவங்களே மைக் குடுக்கற சான்ஸ் இனி எனக்குக் கிடைக்குமா?"

மூத்தவளுக்குச் சந்துச் சுவர் ஆடுவது போலிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"சிரிப்பு வசனத்தை முன்னாடியே சொல்லிட்டு எவளாவது மேடை ஏறுவாளா?"

"அப்புறம் ஏம்மா அந்தப் பேரைச் சொன்ன? நான் சொன்னா என்ன, நீ விட்டுட்டு உன்னோடதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ எடுத்துக் குடுத்தியே!" என்றாள் அம்மா. "ஓரத்துல உன் குரல் வந்தா வாங்கிச் சொல்லித்தான் என் வாய்க்குப் பழக்கம். நீ விஷத்தைக் குடுத்தாலும் வாய் முதல்ல வாங்கிக்கும், அப்புறம்தான் நான் யோசிப்பேன். என் கால் நகரலையேடி. பார்க்கலியா நீ?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா?"

"பயந்துட்டேன்மா. அந்தப் பசங்க சிரிச்சாங்க. உனக்கு... உனக்குத் தடுமாற ஆரம்பிச்சிடுச்சோன்னு..."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவனுங்க கிழவின்னு சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. அது எனக்கு வலிக்கல. நீயும் அப்படித்தான் நினைச்சிருக்க பாரு."

அம்மா பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூத்தவள் எட்டுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள் மூத்தவள். "திறம்மா! என்னைத் திட்டு, அடி, என்ன வேணா செய். வெளிய வந்து செய்!"

சந்து முனையில் தம்பி வந்து நின்றான். சாத்திய கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்திலிருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"உள்ள யாரு, அம்மாவா? வெளிய கூப்பிடுக்கா. சீக்கிரம் கூப்பிடு."

"ஏன்டா? கொட்டகையை இடிக்க மழைக்காலம் முடியட்டும்னுதானே சொன்ன?"

அவன் அட்டையைத் திருகினான்.

"டேய், உன்னைத்தான் கேக்கறேன்!"

"சாவியெல்லாம் வந்துட்டா நாளைக்குக் காலையிலயே ஆரம்பிக்கறதா பேச்சு. முதல்ல இந்தக் கொட்டகை. உள்ள யாரும் இல்ல, காலியா இருக்குன்னு நான்தான் சொல்லியிருக்கேன். இடிக்கற மெஷின் கிளம்பி வந்துட்டிருக்குக்கா."

மூத்தவள் அவனைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தாள். கழுத்து அட்டையின் கயிறு அவள் கையோடு அறுந்து வந்தது. "போய்ச் சொல்லுடா! காலி இல்ல, எங்கம்மா உள்ள இருக்கான்னு போய்ச் சொல்லு!" அவன் தடுமாறிக்கொண்டே மேடைப் பக்கம் ஓடினான். சொல்லத்தான் ஓடினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே இசை இன்னும் நிற்கவில்லை.

அவள் கதவில் வாயை வைத்துக் கத்தினாள். "அம்மா, காதுல விழுந்துச்சா? நாளைக்குக் காலையில மெஷின் வருதாம்! அவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு நான் சொல்றேன், நீ முதல்ல வெளிய வா!"

உள்ளே நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ மேடையின் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தாற்போல. அப்புறம் அம்மாவின் குரல் வந்தது, கடைசி வரிசை வரைக்கும் போகிற அந்தப் பழைய குரல்.

"எனக்குத் தெரியும் என்ன பேசணும்னு. இந்தத் தடவையாவது எடுத்துக் குடுக்காம இரு."